செகண்டரி ஆன்டிபாடி: ஆர்டர் போடுவதிலிருந்து பிளாட் எடுப்பது வரை

வேலூர், காட்பாடி, சித்தூர், திருப்பதி என்று இந்த எல்லைப் பக்கத்து ஆய்வகங்களில் எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கோ பிஎச்.டி. முதல் ஆண்டுக்கோ வந்து சேர்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆன்டிபாடி என்பது குறிப்பிட்ட ஒரு பொருளைத் தேடிப் பிடிக்கும் புரதம். பிரைமரி ஆன்டிபாடி என்றால் எல்லோருக்கும் கவலை இருக்கிறது. எந்த கம்பெனி, எந்த குளோன், யார் பேப்பரில் போட்டிருக்கிறார்கள் என்று வாரக்கணக்கில் தேடுகிறார்கள். செகண்டரி என்றதும், "ஃப்ரீசர்ல சீனியர் வெச்சுட்டுப் போனது ஒண்ணு இருக்குமே" என்று பேச்சு முடிந்துவிடுகிறது. பாண்டே (புரதம் இருக்கும் இடத்தைக் காட்டும் கோடு) வராத வெஸ்டர்ன் பிளாட்டும் (ஜெல்லில் பிரித்த புரதங்களை மெம்பிரேனுக்கு மாற்றி எடுக்கும் படம்), வரக்கூடாத இடத்திலெல்லாம் பாண்டு வரும் பிளாட்டும் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன. நான் பார்த்தவரை, செகண்டரியால் வரும் கோளாறுகள் பெஞ்சில் நடப்பதைவிட ஆர்டர் போடும் காகிதத்தில்தான் அதிகம் நடக்கின்றன. அதனால் இதில் பெரும்பகுதி வாங்குவதைப் பற்றியே இருக்கும்.

செகண்டரி செய்யும் வேலை எளிது. நீங்கள் தேடும் புரதத்தைப் போய்ப் பிடிப்பது பிரைமரி. பிடித்ததை நமக்குக் காட்ட அதனிடம் ஒன்றும் கிடையாது. நிறமோ ஒளியோ தரும் ஒன்றைச் சுமந்துகொண்டு வந்து அந்த பிரைமரியின் மேல் ஒட்டிக்கொள்வது செகண்டரி. பிரைமரி சுண்டெலியில் உருவானது என்று வைத்துக்கொள்வோம். சுண்டெலியின் ஐஜிஜியை (ரத்தத்தில் அதிகம் இருக்கும் ஆன்டிபாடி வகை) ஒரு வெள்ளாட்டுக்கு ஊசி போட்டால், ஆட்டின் உடம்பு அதை அயல்பொருளாகப் பார்த்து எதிராக ஆன்டிபாடி உண்டாக்கும். ஆட்டின் ரத்தத்திலிருந்து அதை எடுத்து, சுண்டெலி ஐஜிஜி பிணைத்த பிசின் நிரப்பிய குழாய் வழியாக ஓடவிட்டுச் சுத்தம் செய்து, ஒரு என்சைமையோ ஒளிரும் சாயத்தையோ அதில் கோத்தால் 'கோட் ஆன்டி-மவுஸ்' தயார்.

சாயத்தை நேராக பிரைமரியிலேயே கோத்துவிட்டால் என்ன? கோக்கலாம், அப்படியும் விற்கிறார்கள். ஆனால் ஒரு பிரைமரியின் மேல் பல செகண்டரிகள் வந்து உட்கார முடியும், அதனால் சிக்னல் பெருகுகிறது. அதோடு, சுண்டெலியில் செய்த பத்து பிரைமரிகள் உங்களிடம் இருந்தால் பத்துக்கும் ஒரே செகண்டரி போதும். கிராண்ட் பணத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் ஆய்வகத்துக்கு இந்த இரண்டாவது காரணமே போதுமானது.

இந்த யோசனை ஆராய்ச்சிக் கூடத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல. பிளட் பேங்க்கில் போடும் கூம்ப்ஸ் டெஸ்ட், 1945இல் கூம்ப்ஸ், மூரன்ட், ரேஸ் மூவரும் வெளியிட்டது, இதே தர்க்கம்தான். சிவப்பணுவின் மேல் ஒட்டியிருக்கும் மனித ஆன்டிபாடியை, மனித ஆன்டிபாடிக்கு எதிரான இன்னொரு ஆன்டிபாடியால் கண்டுபிடிப்பது. எலைசாவை (ஆன்டிபாடியில் கோத்த என்சைம் தரும் நிறத்தை அளக்கும் சோதனை) 1971இல் ஸ்டாக்ஹோமில் எங்வாலும் பெர்ல்மனும் கொண்டுவந்தார்கள். அதற்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1986இல் சென்னையிலிருந்து டாக்டர் செல்லப்பன் நிர்மலா கொண்டுவந்த ரத்த மாதிரிகளை வேலூர் சிஎம்சியில் எலைசா போட்டுப் பார்த்தபோதுதான் இந்தியாவில் எச்ஐவி முதன்முதலாகத் தெரியவந்தது. நோயாளியின் ரத்தத்தில் ஆன்டிபாடியைத் தேடும் இன்டைரக்ட் எலைசாவில் பிரைமரி நாம் வாங்குவதல்ல, நோயாளியின் உடம்பே உண்டாக்கியது. நாம் சேர்ப்பது மனித ஐஜிஜிக்கு எதிரான செகண்டரி மட்டும்.

ஆர்டர் போடும் முன் ஒரு காகிதம்

கேட்டலாக் திறப்பதற்கு முன் ஒரு காகிதத்தில் சில விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை.

முதலில், உங்கள் பிரைமரி எந்த விலங்கில் உருவானது? டேட்டாஷீட்டில் 'ஹோஸ்ட்' என்று போட்டிருக்கும். பக்கத்திலேயே 'ரியாக்டிவிட்டி' என்று ஹியூமன், மவுஸ், ரேட் எனப் பட்டியலும் இருக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம். முயலில் செய்த பிரைமரி மனிதப் புரதத்தைப் பிடிக்கும் என்றால், உங்களுக்குத் தேவை ஆன்டி-ரேபிட் செகண்டரி. ஆன்டி-ஹியூமன் அல்ல. ரியாக்டிவிட்டி பட்டியல் செகண்டரி தேர்வுக்கு உதவாது, ஹோஸ்ட் மட்டுமே உதவும்.

அடுத்து, அந்த பிரைமரி எந்த வகை? பெரும்பாலும் ஐஜிஜி. ஆனால் சுண்டெலி மோனோகுளோனல்களில் (ஒரே செல்லின் வழிவந்த, ஒரே மாதிரியான ஆன்டிபாடிகள்) சில ஐஜிஎம் என்ற வேறு வகை. ஐஜிஜிக்கே உரிய காமா செயினை மட்டும் அடையாளம் காணும் செகண்டரி ஐஜிஎம்மைக் கண்டுகொள்ளாது. கோழியில் செய்தது என்றால் அது ஐஜிஒய், அதற்கு ஆன்டி-சிக்கன் ஐஜிஒய்தான் வேண்டும். ஐஜிஜியிலும் உட்பிரிவுகள் உண்டு: சுண்டெலிக்கு 1, 2ஏ, 2பி, 3. சாதாரண ஆன்டி-மவுஸ் ஐஜிஜி இவை எல்லாவற்றையும் பிடிக்கும். ஒரே ஸ்லைடில் இரண்டு சுண்டெலி பிரைமரிகளைப் போட்டுப் பிரித்துப் பார்க்க நினைத்தால்தான் ஐஜிஜி1க்குத் தனி, ஐஜிஜி2ஏக்குத் தனி என்று வாங்க வேண்டும்.

இப்போது ஒரு பாட்டில் லேபிளை எடுத்துப் படிப்போம். 'கோட் ஆன்டி-ரேபிட் ஐஜிஜி, எச் பிளஸ் எல், எச்ஆர்பி, ஹைலி கிராஸ்-அட்ஸார்ப்டு.' சம்பந்தம் பேசுகிறவர்கள் கேட்பதுபோல் இதனிடமும் கேட்க வேண்டியது இரண்டு: எந்த வீட்டில் பிறந்தது, எந்த வீட்டுக்குப் போகிறது. பிறந்தது ஆட்டில், தேடிப்போவது முயலின் ஐஜிஜியை. எச் பிளஸ் எல் என்றால் ஆன்டிபாடியின் பெரிய சங்கிலியான ஹெவி செயின், சிறிய சங்கிலியான லைட் செயின் இரண்டையும் அடையாளம் காணும். ஐஜிஜி, ஐஜிஎம், ஐஜிஏ எல்லாவற்றுக்கும் லைட் செயின் பொது என்பதால், எச் பிளஸ் எல் செகண்டரி ஐஜிஎம்மையும் ஓரளவு பிடிக்கும். சில சமயம் இது வசதி, சில சமயம் தொல்லை. எச்ஆர்பி என்பது கோத்திருக்கும் என்சைம், ஹார்ஸ்ரேடிஷ் என்ற காரமான கிழங்கிலிருந்து எடுத்த பெராக்ஸிடேஸ்.

கடைசியில் இருக்கும் 'கிராஸ்-அட்ஸார்ப்டு' என்ற சொல்லுக்குத்தான் கூடுதல் காசு. பாலூட்டிகளின் ஐஜிஜிகள் ஒன்றுக்கொன்று ஒத்த சாயலில் இருக்கும். சுண்டெலியும் எலியும் மிக நெருக்கம். சுண்டெலி ஐஜிஜிக்கு எதிராக ஆட்டில் உண்டான ஆன்டிபாடிகளில் ஒரு பகுதி எலியின் ஐஜிஜியையும் மனித ஐஜிஜியையும் பிடிக்கும். மற்ற விலங்குகளின் சீரம் புரதங்கள் பிணைத்த குழாய்கள் வழியாக ஓடவிட்டு அந்தக் குறுக்குப் பிடியை வடிகட்டிவிடுவதுதான் இந்த அட்ஸார்ப்ஷன். செல் லைனிலிருந்து எடுத்த புரதத்தில் ஒரே ஒரு பிரைமரி போட்டு வெஸ்டர்ன் செய்பவருக்கு இது தேவையில்லை. எலியின் மூளைத் திசுவில் சுண்டெலி பிரைமரி போடுபவர் இல்லாமல் செய்யக்கூடாது. அட்ஸார்ப்ஷன் கூடக் கூட சிக்னல் கொஞ்சம் குறையும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சில உட்பிரிவுகளைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளும் சேர்ந்து வடிகட்டப்பட்டுப் போகும். எல்லாவற்றுக்கும் 'ஹைலி' வாங்குவது புத்திசாலித்தனம் அல்ல.

மூன்றாவது, மாதிரி எந்த விலங்கிலிருந்து வருகிறது? சுண்டெலித் திசுவில் சுண்டெலி பிரைமரி போட்டால், செகண்டரி உங்கள் பிரைமரியை மட்டுமா தேடும்? திசுவிலேயே ரத்தத்தோடு வந்த ஐஜிஜி கிடக்கிறதே, அதையும் பிடிக்கும். வெஸ்டர்னில் 50 கிலோடால்டன் (புரதத்தின் எடை அளவு) பக்கத்திலும் 25 பக்கத்திலும் தடித்த பாண்டு வந்தால், அது ஹெவி செயினும் லைட் செயினும்தான். உங்கள் கண்டுபிடிப்பு என்று கைடிடம் ஓடாதீர்கள். இதற்கு நல்ல வழி முயல் பிரைமரி வாங்குவது. அது கிடைக்காத இடத்தில்தான் 'மவுஸ் ஆன் மவுஸ்' கிட் மாதிரியான சுற்றுவழிகள். இம்யூனோபிரெசிபிடேஷன் (ஆன்டிபாடியால் ஒரு புரதத்தைப் பிடித்துத் தனியே எடுப்பது) செய்து அதையே பிளாட் போடுபவர்களுக்கும் இதே தொல்லை வரும். தேடும் புரதம் 50 பக்கத்தில் இருந்தால் லைட் செயினை மட்டும் அடையாளம் காணும் செகண்டரி வாங்கினால் தப்பிக்கலாம்.

நான்காவது, ஒரே மாதிரியில் இரண்டு மூன்று பிரைமரிகள் போடப் போகிறீர்களா? அப்படியானால் செகண்டரிகள் எல்லாம் ஒரே விலங்கில் பிறந்தவையாக இருக்கட்டும். ஓர் உதாரணம்: ஒரு பிரைமரி முயல், இன்னொன்று ஆடு. ஃப்ரீசரில் கோட் ஆன்டி-ரேபிட் ஒன்றும் டாங்கி ஆன்டி-கோட் ஒன்றும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து ஊற்றினால் என்ன ஆகும்? ஆன்டி-கோட் வேலையே ஆட்டின் ஐஜிஜியைப் பிடிப்பது. அது உங்கள் ஆட்டு பிரைமரியைப் பிடிக்கும், கோட் ஆன்டி-ரேபிட்டையும் பிடிக்கும். பச்சையும் சிவப்பும் எல்லா இடத்திலும் ஒன்றாக விழும். இரண்டு புரதமும் ஒரே இடத்தில் இருப்பதாகப் படம் சொல்லும், அது பொய். இதற்காகத்தான் கழுதையில் செய்த செகண்டரிகள் விற்கின்றன. டாங்கி ஆன்டி-ரேபிட், டாங்கி ஆன்டி-கோட், டாங்கி ஆன்டி-மவுஸ் என்று ஒரே குடும்பமாக வாங்கிவிட்டால் ஒன்றையொன்று கடிக்காது.

கடைசியாகக் கருவி. உங்கள் ஆய்வகத்தில் என்ன இருக்கிறதோ அதற்கேற்ப வாங்குங்கள். கெமிலூமினெசென்ஸ் (வேதிவினையில் வரும் ஒளி) படமெடுக்கும் கருவி இருந்தால் எச்ஆர்பி. கருவியே இல்லை, கண்ணால் பார்த்தால் போதும் என்றால் எச்ஆர்பியோடு டிஏபி போட்டுப் பழுப்பு நிறப் பாண்டு எடுக்கலாம், அல்லது அல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ் வாங்கி பிசிஐபி-என்பிடி போட்டு ஊதா நிறம் எடுக்கலாம். ஃப்ளூரசென்ஸ் மைக்ராஸ்கோப் என்றால், அதில் எந்தெந்த ஃபில்டர் இருக்கிறது என்று முதலில் போய்ப் பாருங்கள். கேட்டலாக்கில் அழகாக இருக்கிறதே என்று 647 என்ற சாயம் கோத்ததை வாங்கிவிட்டு, கண்ணை ஐபீஸில் வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியவில்லை என்று உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அந்த அலைநீளம் நம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது, கேமராவுக்குத்தான் தெரியும்.

பார்சல் வரும் நாள்

வெளிநாட்டுச் சரக்கு சென்னை அல்லது பெங்களூரு டீலர் வழியாகத்தான் நமக்கு வருகிறது. நெடுஞ்சாலை நம் வாசலிலேயே ஓடுவதால் டீலரிடம் வந்த பிறகு நேரம் ஆகாது. ஆபத்து வார இறுதியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அனுப்பினால் சனிக்கிழமை கூரியர் ஆபீசுக்கு வரும், திங்கள் வரை அங்கேயே கிடக்கும். மே மாதத்து வேலூர் வெயிலில் ஜெல் பேக் என்ன கதியாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. திங்கள் அல்லது செவ்வாய் அனுப்பச் சொல்லி ஆர்டரிலேயே எழுதிக் கேளுங்கள். ஜனவரி நடுவில் வரும்படி ஆர்டர் போடவே போடாதீர்கள். இந்தப் பக்கம் பொங்கல், அந்தப் பக்கம் சங்கராந்தி. எந்தப் பக்கத்துக் கல்லூரியாக இருந்தாலும் பார்சலை வாங்க ஸ்டோரில் ஆள் இருக்கமாட்டார்கள்.

வந்ததும் திரவமா பொடியா என்று பாருங்கள். பொடியாக வந்தால் டேட்டாஷீட் சொல்லும் அளவு டபுள் டிஸ்டில்டு தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். மூடியைத் திறக்கும் முன் சென்ட்ரிஃப்யூஜில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள், பொடி மூடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆன்டிபாடிகளுக்கு உறைவதும் உருகுவதும் மாறி மாறி நடப்பது பிடிக்காது. சின்னச் சின்ன டியூபுகளில் பிரித்து வைப்பது ஒரு வழி. சம அளவு கிளிசரால் சேர்த்து மைனஸ் 20இல் வைப்பது இன்னொரு வழி. 50 சதவீத கிளிசராலில் அது உறையாமல் திரவமாகவே இருக்கும். ஆனால் ஒன்று: சம அளவு கிளிசரால் சேர்த்ததும் செறிவு பாதியாகிவிட்டது. டேட்டாஷீட் 1:10,000 (பத்தாயிரம் மடங்கு நீர்ப்பது) என்றால் உங்கள் டியூபுக்கு அது 1:5,000. இதை மூடியிலேயே எழுதி ஒட்டாவிட்டால் அடுத்து வரும் ஜூனியர் உங்களைத் திட்டுவார். ஐஸ் கட்டாத வகை ஃப்ரீசர்கள் ஐஸை உருக்க அவ்வப்போது தாமே சூடேறி இறங்கும், ஆன்டிபாடிக்கு அவை வேண்டாம். சாயம் கோத்தவை வெளிச்சம் படாமல் இருக்க வேண்டும், அலுமினியம் ஃபாயில் சுற்றுங்கள்.

கெட்டுப்போகாமலிருக்க சோடியம் அசைடு சேர்ப்பது பல ஆய்வகங்களில் பழக்கம். எச்ஆர்பி கோத்த செகண்டரியில் அதைச் சேர்க்காதீர்கள், அந்த என்சைமை அசைடு முடக்கிவிடும்.

பெஞ்சில்: ஒரு வெஸ்டர்ன்

புரதங்களை ஜெல்லில் ஓட்டி மெம்பிரேனுக்கு மாற்றியாகிவிட்டது, பான்சோ சாயத்தில் லேன்கள் ஒழுங்காகத் தெரிந்தன என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து தொடங்குகிறேன்.

பிளாக்கிங். மெம்பிரேனின் காலி இடங்களை வேறு புரதத்தால் நிரப்பிவிட்டால் ஆன்டிபாடி அங்கே ஒட்டாது. டிபிஎஸ்டியில், அதாவது 0.1 சதவீத ட்வீன்-20 சேர்த்த டிரிஸ் உப்புக் கரைசலில், 5 சதவீதக் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கரைத்து ஒரு மணி நேரம் ஆட்டிவிடுவது வழக்கம். டீயில் போடும் ஒயிட்னர் பாக்கெட் வேண்டாம், அதில் சர்க்கரையும் கொழுப்பும் இருக்கும். பஃபருக்கு டிஸ்டில்டு தண்ணீர்தான். இந்தப் பக்கத்து போர்வெல் தண்ணீரின் உப்பு பக்கெட்டில் படிந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டாம்.

பாலுக்கு ஒரு விதிவிலக்கு. உங்கள் செகண்டரி ஆன்டி-கோட் ஆக இருந்தால் பசும்பாலும் பிஎஸ்ஏயும் (மாட்டுச் சீரத்தின் அல்புமின் புரதம்) ஆபத்து. ஆடும் மாடும் நெருங்கிய உறவு, ஆன்டி-கோட் மாட்டின் ஐஜிஜியையும் பிடிக்கும். பாலில் மாட்டு ஐஜிஜி இருக்கிறது, மலிவான பிஎஸ்ஏயிலும் கொஞ்சம் கலந்திருக்கும். மெம்பிரேன் முழுக்க இருண்டுபோகும். அங்கே செகண்டரி பிறந்த விலங்கின் சீரத்தை, கழுதை என்றால் கழுதைச் சீரத்தை, 5 சதவீதம் சேர்த்து பிளாக் செய்யுங்கள். பிரைமரி பிறந்த விலங்கின் சீரத்தை எந்தக் காலத்திலும் பிளாக்கிங்குக்கு எடுக்காதீர்கள். செகண்டரிக்கு நீங்களே விருந்து வைத்ததாகிவிடும்.

பிரைமரி. இரவு முழுக்க 4 டிகிரியில் வைத்தால் போதும். மறுநாள் காலை டிபிஎஸ்டியில் மூன்று முறை, ஒவ்வொன்றும் 5 முதல் 10 நிமிடம் கழுவுங்கள்.

இப்போது செகண்டரி கரைப்பது. எச்ஆர்பி செகண்டரிகளுக்கு வெஸ்டர்னில் 1:5,000 முதல் 1:20,000 வரை பொதுவான எல்லை. 10 மி.லி.யில் 1:10,000 வேண்டும் என்றால் 1 மைக்ரோலிட்டர். இங்கேதான் கை தவறும். கிளிசரால் கலந்த திரவத்தில் 1 மைக்ரோலிட்டரைச் சரியாக எடுப்பது பழகிய கைக்கே கஷ்டம். டிப்பின் வெளிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் துளியே இன்னொரு மைக்ரோலிட்டர் இருக்கும். அதனால் முதலில் 2 மைக்ரோலிட்டர் ஸ்டாக்கை 18 மைக்ரோலிட்டர் பஃபரில் கலந்து 1:10 ஆக்குங்கள், அதிலிருந்து 10 மைக்ரோலிட்டர் எடுத்து 10 மி.லி.யில் சேருங்கள். டிப்பின் நுனியை மட்டும் திரவத்தில் தொட்டு, மெதுவாக உறிஞ்சி, டியூபின் சுவரில் டிப்பைத் துடைத்துவிட்டு எடுக்க வேண்டும். இதைப் பத்துமுறை தண்ணீரில் பழகிவிட்டு ஆன்டிபாடிக்கு வாருங்கள்.

ஒரு மணி நேரம் ரூம் டெம்பரேச்சரில் ஆட்ட வேண்டும். புரோட்டோகால் எழுதியவரின் ரூம் டெம்பரேச்சர் 20லிருந்து 25 டிகிரி. ஏசி ஓடாத நம் ஆய்வகத்தில் ஏப்ரலில் அது 36ஐத் தொடும். அந்தச் சூட்டில் பின்னணி ஏறும், மெம்பிரேனின் ஓரம் சீக்கிரம் காயும். காய்ந்த இடம் கறையாகவே படத்தில் வரும். ஏசி அறைக்கு ஷேக்கரை மாற்ற முடியாவிட்டால் நேரத்தை 45 நிமிடமாகக் குறைத்து, டப்பாவை மூடி வையுங்கள்.

கழுவுதலை இங்கே அவசரப்படுத்தாதீர்கள். செகண்டரிக்குப் பிறகு நான் குறைந்தது நான்கு முறை, பத்துப் பத்து நிமிடம் கழுவச் சொல்வேன். கரைசலை மாற்றும்போது பழையதை முழுக்கக் கொட்டிவிட்டு ஊற்றுங்கள். ஈசிஎல் (எச்ஆர்பி பட்டால் ஒளி தரும் கரைசல்) சேர்ப்பதற்கு முன் மெம்பிரேனின் ஓரத்தை டிஷ்யூவில் தொட்டு ஈரத்தை வடியவிட்டு, ஈசிஎல் இரண்டு கரைசலையும் சமமாகக் கலந்து ஊற்றி, ஒரு நிமிடம் கழித்துப் படமெடுங்கள். முதல் படம் சில வினாடிகள் மட்டும். போதாவிட்டால் நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்யும்போது மெம்பிரேனின் ஒரு துண்டை வெட்டி, பிரைமரி போடாமல் செகண்டரி மட்டும் போட்டு ஓட்டுங்கள். புது பாட்டில் திறக்கும் ஒவ்வொரு முறையும் இது கட்டாயம். அந்தத் துண்டில் வரும் பாண்டு எதுவும் உங்கள் புரதம் அல்ல. இந்தக் கண்ட்ரோலைக் கேட்டால் "சார், மெம்பிரேன் வேஸ்ட் ஆகும்" என்கிறார்கள். ஒரு லேன் மெம்பிரேன் மிச்சம் பிடித்து மூன்று மாத டேட்டாவைப் பணயம் வைப்பது எந்த ஊர்க் கணக்கு என்று எனக்கு விளங்குவதில்லை.

அல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ் பயன்படுத்துபவர்கள் பிபிஎஸ் வேண்டாம், டிபிஎஸ் எடுங்கள். பஃபரில் இருக்கும் ஃபாஸ்ஃபேட் அந்த என்சைமைத் தடுக்கும்.

எலைசாவும் ஃப்ளூரசென்ஸும்

எலைசாவில் டிஎம்பி போட்டால் நீலம் வரும், சல்ஃபியூரிக் அமிலம் விட்டு நிறுத்தினால் மஞ்சளாகும், 450 நானோமீட்டரில் அளக்க வேண்டும். செகண்டரி அளவை ஊகிக்காமல் செக்கர்போர்டு போடுங்கள்: பிளேட்டின் குறுக்கே பிரைமரி அளவு மாறட்டும், நெடுக்கே செகண்டரி அளவு மாறட்டும். பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் வித்தியாசம் அதிகம் தெரியும் கட்டம்தான் உங்கள் அளவு. மிக அதிகமான எண் தரும் கட்டம் அல்ல.

ஃப்ளூரசென்ஸில் செகண்டரி இன்னும் கெட்டியாகப் போகும், 1:200 முதல் 1:1,000 வரை. கரைப்பதற்கு முன் ஸ்டாக் டியூபை சில நிமிடம் வேகமாகச் சுற்றி, மேலிருந்து எடுங்கள். அடியில் திரண்டிருக்கும் கட்டிகள்தான் ஸ்லைடில் நட்சத்திரம் நட்சத்திரமாக மின்னும். குறைவாக இருக்கும் புரதத்துக்குப் பிரகாசமான சாயம், ஏராளமாக இருக்கும் ஆக்டின், டியூபுலின் போன்றவற்றுக்கு மங்கல் சாயம். நியூக்ளியஸுக்கு டேப்பி போடுவீர்கள் என்பதால் நீலத்தை விட்டுவிடுங்கள். இலை, தண்டு என்று தாவரத்தில் வேலை செய்பவர்களுக்குப் பச்சையம் தானாகவே சிவப்பில் ஒளிரும், சாயமே சேர்க்காத ஒரு ஸ்லைடைப் பார்த்துவிட்டு நிறத்தை முடிவு செய்யுங்கள். மண்ணீரல், நிணநீர் முடிச்சு, ரத்த அணுக்கள் போன்ற மாதிரிகளில் செல்களின் மேல் எஃப்சி ரிசெப்டர்கள் ஆன்டிபாடியின் வாலைப் பிடித்துக்கொள்ளும். வால் வெட்டிய எஃப்ஏபி2 துண்டு செகண்டரிகள் இதற்காகவே கிடைக்கின்றன.

ஒன்றும் வரவில்லை, அல்லது எல்லாம் வந்துவிட்டது

ஒன்றுமே வரவில்லை என்றால் உடனே பிரைமரியைக் குறை சொல்லாதீர்கள். ஒரு டியூபில் கொஞ்சம் ஈசிஎல் எடுத்து, எச்ஆர்பி செகண்டரியில் ஒரு துளி சேர்த்து இருட்டில் பாருங்கள். நீலமாக ஒளிர்ந்தால் என்சைமும் ஈசிஎல்லும் உயிரோடு இருக்கின்றன. அப்புறம் நைட்ரோசெல்லுலோஸ் துண்டில் பிரைமரியையே ஒரு புள்ளி வைத்து, காயவிட்டு, பிளாக் செய்து, செகண்டரி ஊற்றி ஈசிஎல் போடுங்கள். புள்ளி தெரிந்தால் ஜோடி சரி, கோளாறு வேறெங்கோ. தெரியாவிட்டால் தவறான விலங்குக்கு வாங்கியிருக்கிறீர்கள், காகிதத்தை மறுபடி பாருங்கள். இந்த இரண்டு சோதனைக்கும் ஒரு மதியம் போதும்.

பாண்டின் நடு வெள்ளையாக, ஓரம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தால் சிக்னல் குறைவு என்று நினைத்துச் செகண்டரியைக் கூட்டிவிடுவார்கள். உண்மையில் எச்ஆர்பி அளவுக்கு மீறிப் போய், அந்த இடத்து ஈசிஎல்லைப் படமெடுப்பதற்குள் தின்று தீர்த்துவிட்டது. அங்கே மெம்பிரேனில் லேசான மஞ்சள் பழுப்புக் கறைகூடக் கண்ணுக்குத் தெரியும். செகண்டரியைப் பாதியாகக் குறையுங்கள். மெம்பிரேன் முழுக்கக் கறுத்தால் பிரைமரி போடாத துண்டைப் பாருங்கள். அதுவும் கறுப்பென்றால் பிளாக்கிங் அல்லது செகண்டரி, அது சுத்தமாக இருந்தால் பிரைமரி. திசு ஸ்லைடில் டிஏபி போட்டு எங்கும் பழுப்பாக இருந்தால், சிவப்பணுக்களிலேயே இருக்கும் பெராக்ஸிடேஸ் தன்மை காரணமாக இருக்கலாம். ஆன்டிபாடிக்கு முன்பே ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலில் சில நிமிடம் வைத்து அதை அடக்க வேண்டும்.

கரைத்து மிச்சமான எச்ஆர்பி செகண்டரியை மறுநாளுக்கு எடுத்து வைக்காதீர்கள். நீர்த்த நிலையில் என்சைம் சீக்கிரம் சோர்ந்துவிடும், பாலும் புளிக்கும். பிரைமரியை டிபிஎஸ்டியில் அசைடு சேர்த்து நாலைந்து முறை பயன்படுத்துபவர்கள் உண்டு, அதில் தவறில்லை, கழுவும்போது அசைடு போய்விடும். ஆனால் அந்த அசைடு கரைசலைச் சிங்க்கில் கொட்டக்கூடாது. ஈய, செம்புக் குழாய்களில் அது தங்கி, வெடிக்கக்கூடிய உப்பாக மாறும். கெமிக்கல் வேஸ்ட் கேனில் ஊற்றி, மேலே 'அசைடு' என்று எழுதி, அமிலக் கழிவோடு கலக்காமல் தனியாக வையுங்கள்.